வெளியே வந்தோம்; கதவைச் சாத்தினோமா?



பள்ளிக் கணிப்பொறி அறையில் பாடவேளை முடிந்து மணி அடிக்கிறது. நீங்கள் வரைந்துகொண்டிருந்த விளக்கப்படத்தின் சன்னலை மூடிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். அடுத்த வகுப்பு மாணவன் ஒருவன் அதே நாற்காலியில் வந்து அமர்ந்து அதே முகவரியைத் திறக்கிறான். கணிப்பொறி அவனிடம் பெயரைக் கேட்கவில்லை, கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. உங்கள் பெயரைச் சொல்லி அவனை வரவேற்கிறது!

கணிப்பொறி ஏமாந்துவிட்டதா? இல்லை. அது தன் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொண்டது. தவறு எங்கே என்று பார்ப்போம்.

படத்துக்கு அடியில் இருப்பது

எண்களைப் படமாக்கிக் காட்டும் மென்பொருள்கள் பல உண்டு. அவற்றுள் ஒன்று டேப்லோ. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆராய்ச்சியிலிருந்து பிறந்து, 2003ஆம் ஆண்டில் தனி நிறுவனமானது. எண் அட்டவணையைக் கொடுத்தால் கம்பப்படமாகவோ வட்டப்படமாகவோ நிலப்படமாகவோ அது வரைந்து தரும்.

உங்கள் வகுப்பின் 40 மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து, ஆசிரியரின் வழிகாட்டுதலோடு ஒரு படம் வரைந்தீர்கள் என்று கொள்வோம். படத்தில் தெரிவது நான்கைந்து கம்பங்களும் சராசரி எடையும் மட்டுமே. அதைச் சுவரில் ஒட்டினாலும் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் படத்துக்கு அடியில் 40 வரிகள் கொண்ட அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், ஒரு எடை. அனுமதி பெற்றவர் அந்த அட்டவணை முழுவதையும் இறக்கி எடுத்துக்கொள்ள முடியும். எடை குறைந்த மாணவி ஒருத்தியின் பெயர் மறுநாள் கேலிப் பேச்சாக மாறினால், அதற்குக் காரணம் நீங்கள் சாத்தாமல் வந்த கதவுதான்.

பூட்டு வந்த கதை

தொடக்க காலக் கணிப்பொறிகளில் ஒருவர் வேலை முடிந்த பிறகே அடுத்தவர் வேலை தொடங்கும். 1961 நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர், ஒரே கணிப்பொறியைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். பலர் வந்தால் 'யார் எவர்' என்ற கேள்வி எழுமல்லவா? ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருந்தன. இத்தனை மணி நேரம்தான் என்ற பங்கீடும் இருந்தது. ஆகவே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்தன. உள்ளே வர ஓர் ஆணை. வெளியேற ஓர் ஆணை.

பூட்டு வந்தது, திறக்க வழி தேடுபவரும் வந்தார்! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரம் 4 மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962ஆம் ஆண்டில் அவர் ஒரு தந்திரம் செய்தார். குறிப்பிட்ட கோப்பை அச்சடித்துத் தருமாறு ஒரு துளை அட்டையைக் கணிப்பொறியிடம் கொடுத்தார். அது கடவுச்சொல் கோப்பு! கணிப்பொறி மறுபேச்சின்றி அச்சடித்துக் கொடுத்தது. பிறர் பெயரில் உள்ளே போய்த் தம் வேலையைத் தொடர்ந்தார் ஷெர். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை ஒப்புக்கொண்டார்.

அதே அமைப்பில் 1960களில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஒருவர் கடவுச்சொல் கோப்பையும், மற்றொருவர் அன்றைய வரவேற்புச் செய்தியையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தனர். இரண்டு தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயர் இருந்ததால் அவை இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரவேற்புச் செய்தியாகக் கிடைத்தன!

இக்கதைகளிலிருந்து ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளுங்கள். கணிப்பொறிக்கு முகம் தெரியாது. நீங்கள் யார் என்பதை அது பார்ப்பதில்லை. உங்கள் கையில் என்ன இருக்கிறது என்பதையே பார்க்கிறது.

மறதிக்கார சர்வர்

இப்போது நம் கேள்விக்கு வருவோம். படமும் அட்டவணையும் தொலைவிலுள்ள சர்வர் என்ற கணிப்பொறியில் இருக்கின்றன. உங்கள் முன்னால் உள்ள கணிப்பொறியின் பிரௌசர் அதனிடம் பக்கங்களைக் கேட்டு வாங்குகிறது. இணையத்தின் அடிப்படை விதிப்படி ஒவ்வொரு கேள்வியும் புதுக் கேள்வி. ஒரு நொடிக்கு முன் கேட்டவர் யார் என்பது சர்வருக்கு நினைவில் இராது. அப்படியானால் ஒவ்வொரு சொடுக்குக்கும் கடவுச்சொல் கேட்க வேண்டுமே?

இந்தச் சிக்கலுக்கு 1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தைச் சேர்ந்த லூ மாண்டுல்லி ஒரு வழி கண்டார். அதன் பெயர் குக்கி. நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ளுங்கள். டோக்கனில் ஒரு பாதியைச் சைக்கிளில் மாட்டி, மறுபாதியை உங்களிடம் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது உங்கள் பெயரையோ ஊரையோ கேட்பதில்லை. டோக்கனை நீட்டினால் சைக்கிள் கிடைக்கும். சர்வரும் இதையே செய்கிறது. கடவுச்சொல் சரியாக இருந்தால் ஒரு நீண்ட எண்ணை உருவாக்கித் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு, அதே எண்ணைப் பிரௌசரிடம் கொடுக்கிறது. பிரௌசர் அதைக் குக்கியாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியோடும் நீட்டுகிறது.

சைக்கிள் டோக்கன் 1 முதல் 200 வரை இருக்கலாம், ஊகித்துவிடலாம். சர்வர் தரும் எண்ணை ஊகிக்க முடியாதா? 128 இரும இலக்கங்கள் கொண்ட எண் என்றால், சாத்தியமான எண்கள் சுமார் 3.4 × 10³⁸. இதை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். ஊகிப்பது நடவாத காரியம். ஆனால் கண்ணெதிரே கிடக்கும் டோக்கனை எடுக்க ஊகம் எதற்கு? சன்னலை மூடிவிட்டு ஓடிய நீங்கள் டோக்கனை மேசைமேல் விட்டுவிட்டு அல்லவா போனீர்கள்!

வெளியேறு என்றால் என்ன?

'வெளியேறு' என்பதைச் சொடுக்கும்போது, நன்கு அமைக்கப்பட்ட மென்பொருளில் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, சர்வர் தன் ஏட்டிலிருந்து அந்த எண்ணை அடித்துவிடுகிறது. இரண்டாவது, பிரௌசர் தன்னிடமுள்ள குக்கியை நீக்குகிறது. டோக்கனின் இரு பாதிகளும் கிழிந்தன. இனி யாராவது அந்த எண்ணைப் படியெடுத்து வைத்திருந்தாலும் அது வெறும் காகிதம்தான்.

டேப்லோவின் இணையப் பக்கத்தில் மேல் வலது மூலையில் உள்ள பயனர் குறியைச் சொடுக்கினால் 'வெளியேறு' என்ற ஆணை கிடைக்கும். ஒரு நொடி வேலை.

நீங்கள் மறந்தால் சர்வர் தானாகவே மூடாதா? மூடும், ஆனால் உடனே அல்ல. டேப்லோ சர்வரை நிறுவும்போது உள்ள அமைப்பின்படி, 240 நிமிடங்கள் யாரும் எதுவும் செய்யாமல் இருந்தால்தான் கதவு மூடும். காலை 10 மணிக்கு நீங்கள் எழுந்து போனால் பிற்பகல் 2 மணி வரை கதவு திறந்தே கிடக்கும். இடையில் ஒருவர் 1 மணிக்கு வந்து தொட்டால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மாலை 5 மணி வரை திறந்திருக்கும்! நிர்வாகி இந்த நேரத்தைக் குறைத்து வைக்கலாம்.

மற்ற வாசல்கள்

வீட்டுக்கு ஒரு வாசல் மட்டும் இருப்பதில்லை. மூன்று வாசல்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று: சில இடங்களில் கூகுள் கணக்கைக் காட்டியே மென்பொருளுக்குள் நுழைகிறோம். அப்போது மென்பொருளிலிருந்து மட்டும் வெளியேறினால், கூகுள் கணக்கு திறந்தே இருக்கும். அடுத்தவர் 'நுழை' என்று சொடுக்கினாலே உள்ளே போய்விடலாம். இரண்டிலிருந்தும் வெளியேற வேண்டும்.

இரண்டு: கணிப்பொறியில் நிறுவிய டேப்லோ மென்பொருளும் கைப்பேசிச் செயலியும் தனித்தனி டோக்கன் வைத்திருக்கும். கணக்கு அமைப்புகள் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். தொலைந்துபோன கைப்பேசியின் பெயர் அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள்.

மூன்று: அட்டவணை வேறொரு தரவுக் கிடங்கில் இருந்தால், அதைத் திறக்கும் கடவுச்சொல்லை மென்பொருளில் சேமித்திருக்கலாம். அந்தப் பட்டியலும் அதே பக்கத்தில் உண்டு. தேவை முடிந்ததும் நீக்கிவிட வேண்டும்.

யாருக்கு எந்தச் சாவி?

எல்லாருக்கும் எல்லாச் சாவியும் வேண்டியதில்லை. டேப்லோவில் படைப்பவர், ஆராய்பவர், பார்ப்பவர் என்ற படிகள் உண்டு. படம் பார்க்க மட்டும் வருபவருக்குப் படைப்பவரின் சாவி எதற்கு? தேவைக்கு மேல் ஒரு சாவியும் தராதே என்பது கணிப்பொறிப் பாதுகாப்பின் பொன்விதி.

ஒருவர் பள்ளியை விட்டுப் போனால்? அவர் வரைந்த படங்களின் உரிமையை முதலில் வேறொருவருக்கு மாற்ற வேண்டும். பிறகே அவர் பெயரை நீக்க வேண்டும். அதுவரை அவரை 'உரிமமற்றவர்' என்ற நிலையில் வைக்கலாம். படங்கள் பத்திரமாக இருக்கும். அவருடைய வாசல் மட்டும் மூடிக்கொள்ளும். பழைய சாவிகளைத் திரும்ப வாங்காத வீட்டில் புதுப் பூட்டுப் போட்டும் பயனில்லை.

செய்து பாருங்கள்

மூன்று நண்பர்கள் போதும். ஒருவர் சர்வர், ஒருவர் பிரௌசர், ஒருவர் வழிப்போக்கர். சர்வர் ஏதேனும் ஓர் எட்டிலக்க எண்ணைத் தன் ஏட்டில் எழுதிக்கொண்டு, அதையே ஒரு சீட்டில் எழுதிப் பிரௌசரிடம் கொடுக்கட்டும். ஏட்டில் உள்ள எண்ணைச் சொல்பவருக்குச் சர்வர் ஒரு படத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். இதுதான் விதி.

முதல் ஆட்டம்: பிரௌசர் சீட்டை மேசையில் போட்டுவிட்டுப் போகட்டும். வழிப்போக்கர் எடுத்துக் காட்டினால் படம் கிடைக்கும்.

இரண்டாம் ஆட்டம்: வழிப்போக்கர் எண்ணை முன்பே பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். பிரௌசர் சர்வரிடம் எதுவும் சொல்லாமல் தன் சீட்டை மட்டும் கிழிக்கட்டும். என்ன ஆகிறது? வழிப்போக்கருக்குப் படம் கிடைத்துவிடுகிறது!

மூன்றாம் ஆட்டம்: பிரௌசர் 'வெளியேறுகிறேன்' என்று சொல்ல, சர்வர் ஏட்டிலுள்ள எண்ணை அடித்துவிடட்டும். இப்போது வழிப்போக்கரின் குறிப்பு செல்லாது.

சீட்டைக் கிழிப்பது போதாது; ஏட்டிலும் அடிக்க வேண்டும் என்பது விளங்கிற்றா?

சிந்திக்க

1. ஒரே பிரௌசரில் இரண்டு சன்னல்களில் ஒரே படத்தைத் திறந்துவிட்டு ஒன்றில் வெளியேறினால், மற்றதில் படம் அப்படியே தெரிகிறது. ஆனால் புதுப் பக்கம் கேட்டால் கடவுச்சொல் கேட்கிறது. ஏன்? (திரையில் தெரிவது ஏற்கெனவே வந்து சேர்ந்த படம், புதுக் கேள்விக்குத்தான் டோக்கன் தேவை.)

2. வெளியேறிய பிறகும் திரையில் பழைய படம் தெரியக்கூடும் என்றால், பொதுக் கணிப்பொறியை விட்டு எழும்போது வேறு என்ன செய்ய வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கு விடையை நீங்களே கண்டுபிடியுங்கள். அடுத்த முறை மணி அடிக்கும்போது பையை எடுக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். மேசைமேல் கிடப்பது உங்கள் டோக்கன் மட்டுமன்று. உங்களை நம்பித் தம் எடையைச் சொன்ன 40 பேரின் டோக்கனும்தான்.