குருந்தக் கல்லும் உலைக் காற்றும்

மேனாட்டார் "கொரண்டம்" என வழங்கும் கனிப்பொருளின் பெயர், "குருந்தம்" என்னும் நம் மொழிச் சொல்லினின்றும் பிறந்ததென்பர் அறிஞர். தமிழாசிரியனாகிய யான் இம்மலரில் இரசாயனப் பொருளொன்றை எடுத்துக்கொண்டமைக்கு அச்சொல்லே காரணமாகும்.

குருந்தமாவது அலுமினியம் ஒட்சைட்டு. தூய நிலையில் அதற்கு நிறமில்லை. அதனுட் சிறிதளவாய்க் கலந்துள்ள பிற உலோகங்களே நிறந்தருவன. குரோமியம் மாணிக்கத்தைச் சிவப்பிக்கின்றது. இரும்பும் தைத்தேனியமும் கூடி நீலமணியை ஆக்குகின்றன. ஆயின், அவை கல்லினுள் இருத்தல் மட்டும் போதாது. எந்த ஒட்சியேற்ற நிலையில் உள்ளன என்பதும் வேண்டற்பாலது.

இரத்தினபுரிப் பகுதியிற் பால்போல் மங்கிய குருந்தக் கற்கள் அகப்படும். சிங்களத்தில் அவற்றைக் "கெவுட" என்பர். தைத்தேனியம் ஒட்சைட்டு நுண்ணிய ஊசிகளாய் உள்ளே படிந்து ஒளியைச் சிதறச் செய்தலே அம்மங்கலுக்குக் காரணம். ஏறக்குறைய 1,600 முதல் 1,800 பாகை சதமவளவு வெப்பத்தில் அவ்வூசிகள் கரைந்து குருந்தத்தினுட் கலக்கும். அப்பொழுது உலையில் ஒட்சிசன் மிகுந்திருப்பின், இரும்பு மூன்று நேரேற்றத்துடன் நிற்கும். நீலம் நன்கு தோன்றாது. ஒட்சிசனைக் குறைத்து, ஐதரசன் போன்ற தாழ்த்தும் வாயுவைச் செலுத்தினால், இரும்பின் ஒரு பகுதி இலத்திரனைப் பெற்று இரு நேரேற்ற நிலையை அடையும். அதற்கும் அயலிலுள்ள தைத்தேனியத்துக்குமிடையே இலத்திரன் பெயருங்கால், மஞ்சள் ஒளியும் செவ்வொளியும் உறிஞ்சப்படும். எஞ்சிய நீலமே கண்ணுக்குப் புலனாகும்.

இவ்வித்தையின் மறுபாதியை நம் நாட்டார் முன்னரே அறிந்திருந்தனர். மாணிக்கத்திற் படிந்த நீலச்சாயலைப் போக்கக் கரித்தணலிலிட்டு ஊதுகுழலால் ஊதினர். அக்காற்றிலுள்ள ஒட்சிசன் இரும்பை மீண்டும் மூன்று நேரேற்ற நிலைக்கு உயர்த்த, நீலம் அகன்று செம்மை தெளிந்தது. ஆயின், கெவுடக் கல்லுக்கு வேண்டிய பெருவெப்பமும், காற்றைக் குறைக்கும் முறையும் அவர்க்கு வாய்த்தில.

அதனால் நேர்ந்த இழப்புச் சிறிதன்று. 1970களில் தாய்லாந்து வணிகர் இக்கற்களை மலிந்த விலைக்கு வாங்கிச் சென்று, சூடேற்றி, நீலமணிகளாக விற்றுப் பெரும்பொருள் ஈட்டினர். பின்னரே நம் நாட்டிலும் அம்முறை பரவலாயிற்று.

மாணவர்காள், கல் நம்முடையது. அதன் பெயரும் நம்முடையது. ஊதியமோ உலையின் காற்றை ஆளக் கற்றவரையே சேர்ந்தது. ஆய்வுகூடத்தில் ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்னும் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் உரியதென எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.