திண்ணையும் தெருவும்

காலை நடை உடலுக்கு நலம் பயக்கும் என்பதை யாவரும் அறிவர். அது கண்ணுக்குக் கல்வியாகவும் அமையும் என்பதை நான் முதுமையிலேதான் உணர்ந்தேன். ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற நாள் முதலாகப் புதுச்சேரியின் பழைய தெருக்களில் விடியற்பொழுதில் நடந்து வருகின்றேன். முன்பு வகுப்புக்கு மணியடிக்குமுன் சேரவேண்டும் என்று விரைந்து கடந்த தெருக்கள்தாம் அவை. விரைந்து சென்றவனுக்குப் புலப்படாத பல, மெல்லச் செல்பவனுக்குப் புலப்படுகின்றன.

இந்நகரின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகச் செல்வன. 1693 முதல் 1699 வரை இவ்வூர் ஒல்லாந்தர் கையில் இருந்தது. அக்காலத்தில் அவர்கள் வரைந்த திட்டமே இவ்வொழுங்குக்கு அடிப்படை என்பர். நகரின் நடுவே வடக்குத் தெற்காகப் பெரிய வாய்க்கால் ஒன்று செல்கின்றது. அதன் கிழக்கே, கடலை அடுத்துப் பிரெஞ்சுக்காரர் குடியிருந்தனர். மேற்கே தமிழர் குடியிருந்தனர்.

வாய்க்காலைக் கடந்து இரு புறமும் நடந்து பாருங்கள். கிழக்கே தெருவோரமாக உயர்ந்த மதிற்சுவர் நிற்கும். வேலைப்பாடு அமைந்த பெரிய வாயிற்கதவு சாத்தியிருக்கும். தோட்டமும் நிழலும் அச்சுவருக்கு உட்புறத்தே உள்ளன. மேற்கேயுள்ள தமிழர் வீடோ தெருவை நோக்கியே தன் முகத்தைத் திறந்து வைத்துள்ளது. முதலில் மரத்தூண்கள் தாங்கிய தாழ்வாரம், அதனை அடுத்துத் திண்ணை, அதற்கப்பால்தான் கதவு. வெயிலில் வருந்தி வரும் வழிப்போக்கன் எவரையும் கேளாமல் தாழ்வாரத்தில் ஒதுங்கலாம். திண்ணையில் அமர்ந்து இளைப்பாறலாம். தன் நிலத்தில் ஒரு பகுதியை முன்பின் அறியாதவனுக்கென ஒதுக்கிவிட்டு, எஞ்சிய இடத்தில் வீடு கட்டிக்கொண்டனர் நம் முன்னோர். விருந்தோம்பல் என்னும் பண்பு ஏட்டில் மட்டும் இருந்ததன்று. செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் இருந்தது.

உள்ளே சென்றால் நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். வெளிச்சமும் காற்றும் அதன் வழியே வீடெங்கும் பரவும். வெப்பக்காற்று மேலெழுந்து முற்றத்தின் வழியே வெளியேற, நிழலிற் குளிர்ந்த காற்று அறைகளுள் தங்கும். தடித்த சுவர்கள் பகல் வெப்பத்தை எளிதில் உள்ளே விடா.

இருவகைக் கலையும் கலந்த வீடுகளும் உண்டு. கீழ்த்தளத்தில் திண்ணையும் மரத்தூணும், மேல்தளத்தில் வளைந்த சாளரமும் பிரெஞ்சு முறைத் தூணுமாக அவை விளங்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை அத்தகையது. அவர் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் தலைமைத் துபாசியாக இருந்தவர். 1736இல் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். அவர் மறைந்த 1761ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றி, கோட்டையையும் மாளிகைகள் பலவற்றையும் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பின்னர்ப் பழைய தெருக்களின் தடத்திலேயே நகரம் மீண்டும் எழுந்தது. இடிந்தவை போயின, எனினும் அந்நாளைய நகரத்தில் யார் வந்தார், யார் போனார், என்ன விலைக்கு என்ன விற்றது என்பவற்றை இன்றும் நாம் அறிகின்றோம். எதனால்? ஒருவர் நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைத்தார், அதனால் அறிகின்றோம்.

அங்கிருந்து சற்று நடந்தால் ஈசுவரன் தருமராசா கோயில் தெரு வரும். 1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியார் குடியிருந்த வீடு அங்கே உள்ளது. பெருமாள் கோயில் தெருவிலோ பாவேந்தர் பாரதிதாசனின் இல்லம் இருக்கின்றது. இரண்டும் இன்று நினைவு இல்லங்கள்.

பெயர் பெற்றவர் வாழ்ந்த வீடுகள் காக்கப்படுகின்றன. பெயரில்லாத வீடுகளின் நிலை என்ன? நான் இளமையில் நண்பரோடு அமர்ந்து இலக்கணம் ஓதிய திண்ணை ஒன்று இருந்தது. ஒருநாட் காலை அவ்வழியே சென்றபோது, அவ்வீட்டை இடித்துக்கொண்டிருந்தனர். கொத்தனார் ஒருவர் கடப்பாறையை ஊன்றி நின்று வியர்வையைத் துடைத்தார். “ஐயா, சுண்ணாம்புச் சுவர், எளிதில் விடமாட்டேன் என்கிறது. கட்டினவர் கை வேறு,” என்றார். நான் மறுமொழி கூறவில்லை. வீட்டுக்கு உரியவரையும் குறை கூற இயலவில்லை. மரம் உளுத்தது, ஓடு ஒழுகியது, பங்காளிகள் பலர், பழுது பார்க்கும் செலவோ பெரிது. மறுவாரம் அவ்விடம் வெட்டவெளியாயிற்று.

தனியார் வீடு மட்டுமன்று, பேணாத பொதுக் கட்டடமும் நில்லாது. கடற்கரையில் நின்ற பழைய நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர்ப் பழைய வடிவிலேயே அதனைக் கட்ட நேர்ந்தது. முன்னரே காத்திருந்தால் மூல மாளிகையே நின்றிருக்கும்.

காத்தல் இயலாத செயலன்று. வைசியாள் வீதியில் வீட்டுக்காரரும் மரபுக் காவலரும் அரசும் ஒன்றுகூடி, வரிசையாக வீடுகளின் முகப்புகளைச் செப்பனிட்டனர். அம்முயற்சிக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. நான் அவ்வீதியில் நடக்குந்தோறும், மூப்பெய்திய தாய் புத்தாடை உடுத்து வாயிலில் அமர்ந்திருப்பதைக் கண்டாற்போல் மகிழ்கின்றேன்.

மாணவர்களே! வீடுகளைக் காக்கும் பொருளும் அதிகாரமும் இன்று உங்களிடம் இல்லை. ஆயினும் காணும் கண்ணும் எழுதும் கையும் உள்ளன. உங்கள் ஊரில், நீங்கள் பள்ளிக்கு வரும் வழியில், பழைய வீடு ஒன்றேனும் இருக்கும். நாளை அதன் முன் சற்றே நில்லுங்கள். தூண் எத்தனை, திண்ணை எவ்வளவு நீளம் என்று அளந்து குறியுங்கள். வீட்டிலுள்ள முதியவரை வணங்கி, அதனைக் கட்டியவர் யார், எங்கிருந்து மரம் வந்தது என்று கேளுங்கள். கேட்டதை அன்றே எழுதி வையுங்கள். அவ்வீடு நாளை நிற்குமோ நில்லாதோ, உங்கள் ஏட்டில் அது நிற்கும். என் நண்பரோடு நான் அமர்ந்த திண்ணையை அளந்து வைக்க நான் தவறிவிட்டேன், நீங்கள் தவறாதீர்கள்.