வயிறு சிறுத்தாலும் வழக்கம் சிறுப்பதில்லை

உடற்பருமனைக் குறைக்கும் சத்திரசிகிச்சையை எம்மவர் சிலரும் செய்து கொள்கிறார்கள். வெளியே சொல்லத்தான் தயங்குகிறார்கள். நானும் செய்து கொண்டவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இது புதிய வைத்தியமன்று. இரைப்பை மாற்றுவழிச் சத்திரசிகிச்சையை 1966இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் டொக்டர் எட்வேர்ட் மேசன் தொடக்கினார். எமது மொன்றியலிலும் றோயல் விக்ரோறியா வைத்தியசாலையில் டொக்டர் லொயிட் மக்லீன் இத்தகைய சிகிச்சைகளை நெடுங்காலம் ஆராய்ந்தார். இம்முறையில் உணவு சேரும் பை ஏறக்குறைய 30 மில்லிலீற்றராக, அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவாகச் சிறுக்கிறது.

பசியைத் தூண்டும் கிறெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையிலேயே சுரக்கிறது. 1999இல் யப்பானிய விஞ்ஞானிகள் அதைக் கண்டறிந்தார்கள். சிகிச்சைக்குப் பின் முதல் மாதங்களில் பலருக்குப் பசி குறைந்திருக்கும். பின்பு மெல்லத் திரும்பும். அது சிகிச்சை தோற்றதன் அடையாளமன்று.

ஆனால் பழக்கம் வேறு. இடம்பெயர்ந்த காலத்தில் கிடைத்ததை விரைவாக உண்டு, கோப்பையில் ஒரு பருக்கையும் விடாமல் பழகியவன் நான். அதைச் சத்திரசிகிச்சை வெட்டி எடுக்கவில்லை. சிகிச்சைக்குப் பின் உண்ட முதல் அன்னதானத்தில் "போதும்" என்றேன். "சாமியின்ரை சோறு தம்பி, வேண்டாம் எண்டு சொல்லக்கூடாது" என்றார் பரிமாறிய அக்கா. வாங்கினேன், பழையபடி விரைந்து உண்டேன். பின்பு வெளியே பனிக்குள் நின்று வாந்தி எடுத்தேன். பிழை அவருடையதல்ல.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை:

1. வயிற்றுப் பசி மெல்ல வரும். எந்த உணவும் அதற்குப் போதும். மனப்பசி திடீரென வந்து வடையைத்தான் கேட்கும். எதுவென்று பார்த்த பின்பே சமையலறைக்குப் போகிறேன்.

2. பருப்பு, தயிர், பனீர் முதலில்; சோறு கடைசியில்.

3. சிறு கவளமாக, நன்றாக மென்று, அரைமணி நேரம் உண்கிறேன். சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை. அரைமணி கழித்தே குடிக்கிறேன்.

4. பாயாசமும் லட்டும் குடலுக்குள் விரைந்து இறங்கி வியர்வை, படபடப்பு, தலைச்சுற்று தரும். ஆகவே தவிர்க்கிறேன்.

5. விற்றமின் பி12, இரும்புச்சத்து முதலியவற்றை வைத்தியர் சொன்னபடி வாழ்நாள் முழுவதும் எடுக்க வேண்டும். மரக்கறி உண்போருக்கு இது மிக முக்கியம்.

6. கந்தசஷ்டி போன்ற விரதங்களுக்கு முன் வைத்தியரைக் கேட்கிறேன்.

பரிமாறும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒருவர் "போதும்" என்றால் காரணம் கேளாமல் விட்டுவிடுங்கள். ஒரு கரண்டிப் பிரசாதமும் முழுப் பிரசாதமே.