நத்தையை எடுத்துச் செல்லுமுன்

மழை பெய்து ஓய்ந்த காலையில் நம் விடுதிப் பாதையில் நத்தை ஊர்ந்து செல்வதைக் காணாதவர் இரார். சிலர் மிதிக்காமல் விலகிச் செல்வர். இரக்க நெஞ்சம் உடையவர், "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று எடுத்து வேறோர் இடத்தில் விடுவர். இது நற்செயல்தானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். ஆனால், ஓரிடத்து நத்தையை எடுத்து மற்றோர் இடத்தில் விடுதல் என்னும் இதே செயல் உலகில் பல நத்தையினங்களைப் பூண்டோடு அழித்திருக்கிறது. அழியும் தறுவாயில் இருந்த சில இனங்களை மீட்டும் இருக்கிறது. அழித்ததற்கும் மீட்டதற்கும் இடையே உள்ள வேறுபாடு யாது? அதனை இங்குக் காண்போம்.

நத்தையும் அதன் இடமும்

நிலத்து நத்தைக்கு ஈரமே உயிர். உடல் காய்ந்தால் அது மாண்டுபோகும். ஆதலால் பகலில் இலைச்சருகின் அடியிலோ மரப்பொந்திலோ ஒடுங்கிக் கிடந்து, இரவில் இரை தேடும். கடும் வறட்சி வந்தால் பல இனங்கள் ஓட்டின் வாயைச் சளியால் அடைத்துக்கொண்டு மழைக்காலம் வரை உறங்கும். தன் வாழ்நாள் முழுவதும் ஊர்ந்தாலும் அது கடக்கும் தொலைவு சிறிதே. ஒரு மலைமுகடு, ஓர் ஆறு, ஒரு வறண்ட வெளி இவற்றில் ஏதேனும் ஒன்று குறுக்கிட்டாலும் அதற்கு அது கடலைப் போன்றதே. எனவே, ஒரு பள்ளத்தாக்கில் வாழும் இனம் அடுத்த பள்ளத்தாக்கில் இராமற் போவதுண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உலகில் வேறெங்கும் காணப்படாத நத்தையினங்கள் பல உள்ளன.

இவ்வகையில் பெயர் பெற்றவை பசிபிக் பெருங்கடலில் உள்ள சொசைட்டி தீவுகளின் பார்ட்டுலா நத்தைகள். அளவில் ஏறக்குறைய ஓர் அங்குலத்துக்கு உட்பட்டவை. மரத்திலும் செடியிலும் வாழ்ந்து, அழுகும் இலையையும் அதன் மேல் படரும் பூஞ்சையையும் தின்பவை. முட்டையிடாமல் குட்டி ஈனுபவை. அத்தீவுகளில் 60க்கும் மேற்பட்ட பார்ட்டுலா இனங்கள் இருந்தன. ஹென்றி கிராம்ப்டன் என்ற அமெரிக்க அறிஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகள் இவற்றைத் தேடி அளந்து எழுதினார். ஓர் இனம் பல இனங்களாகப் பிரியும் முறையை நேரே காட்டும் இயற்கைச் சோதனைச் சாலையாக அத்தீவுகள் விளங்கின.

ஒன்றை ஒழிக்க மற்றொன்று

இவற்றுக்கு வந்த கேட்டின் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் பெருநத்தை பயிரையெல்லாம் தின்று தீர்ப்பது. அது நம் நாட்டுக்கு வந்த கதை பலர் அறியாதது. 1847-ல் வில்லியம் பென்சன் என்ற சிப்பி ஆராய்ச்சியாளர் மொரீஷியசிலிருந்து அந்நத்தையை உயிருடன் அன்றைய கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அது சௌரிங்கித் தோட்டம் ஒன்றில் விடப்பட்டது. இன்று இந்தியாவின் பல மாநிலங்களில் வேளாண் மக்கள் அதனால் படும் தொல்லைக்கு அதுவே தொடக்கம். தானாக ஊர்ந்து வந்திருந்தால் எத்தனை யுகம் ஆகியிருக்குமோ! கப்பலும் மனிதன் கையும் அதனை நாடு நாடாகச் சேர்த்தன.

1967-ல் இப்பெருநத்தை உணவுக்காகத் தாஹித்தித் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. தப்பிப் பெருகித் தோட்டங்களைப் பாழாக்கியது. அதனை ஒழிக்க, பிற நத்தைகளை வேட்டையாடும் யூக்ளாண்டினா என்ற அமெரிக்க நத்தையை 1974-ல் தாஹித்தியிலும் 1977-ல் அண்டைத் தீவான மூரியாவிலும் விட்டனர். அந்த வேட்டை நத்தை, இரை விட்டுச்சென்ற சளித்தடத்தை மோப்பம் பிடித்துத் தொடரும். பெருநத்தையை அது ஒழித்தபாடில்லை. தற்காப்பு ஏதும் அறியாத சிறிய பார்ட்டுலாக்களைத் தின்று தீர்த்தது. பத்தே ஆண்டுகளில் மூரியாக் காட்டில் பார்ட்டுலா இல்லை என்ற நிலை வந்தது.

அடைக்கலமும் அதன் இடரும்

அழிவைக் கண்ணெதிரே கண்ட ஆராய்ச்சியாளர்கள் எஞ்சியவற்றைச் சேகரித்து இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் அனுப்பினர். விலங்குக் காட்சிசாலைகளில், ஈரத்தாள் விரித்த பெட்டிகளில் அவை வளர்ந்தன. ஓட்ஸ் மாவும், ஓடு வலுப்பெறக் கணவாய் ஓட்டுத் தூளும் உணவு. காட்டில் ஒன்றும் இல்லாமல் பெட்டிகளில் மட்டுமே வாழ்ந்த இனங்கள் சில.

அடைக்கலம் தந்துவிட்டால் போதுமா? போதாது. பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் இறந்தது. ஒரு நுண்ணிய ஒட்டுண்ணியே காரணம் என்று பின்னர் கண்டனர். ஓரினம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் ஒரு நோயே அதற்கு முடிவு கட்டிவிடும். அழிந்த இனத்தை மீண்டும் படைக்க எந்த விஞ்ஞானமும் கைகொடுக்கவில்லை.

வீடு திரும்பிய நத்தைகள்

2015 முதல் வளர்த்த நத்தைகளைத் தீவுகளுக்குத் திருப்பி அனுப்பினர். பத்தாண்டுகளில் 30,000க்கும் மேற்பட்டவை அவ்வாறு சென்றன. ஒவ்வொன்றின் ஓட்டிலும் புற ஊதா ஒளியில் மின்னும் சாயத்தால் ஒரு பொட்டு வைத்தனர். இரவில் விளக்கு ஏந்திச் சென்றால் பொட்டு காட்டிக் கொடுக்கும். 2024-ல் மூரியாக் காட்டில் பொட்டு இல்லாத வளர்ந்த நத்தைகளைக் கண்டனர். பொட்டு இல்லை என்றால் என்ன பொருள்? அவை பெட்டியில் பிறந்தவையல்ல, காட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. பார்ட்டுலா டோஹிவியானா என்ற அவ்வினம் அதன்பின் "காட்டில் அழிந்தது" என்ற பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. எனினும் அதன் ஆபத்து இன்னும் தீரவில்லை.

எந்த இடத்தில் விடுவது என்பதும் ஆராய்ந்தே அறிய வேண்டியது. தாஹித்தியில் பார்ட்டுலா ஹயலினா என்ற வெள்ளை ஓட்டு நத்தை வேட்டை நத்தைக்குத் தப்பிப் பிழைத்தது ஏன்? மணிபோன்ற நுண்ணிய கணிப்பொறிகளைக் கொண்டு வெயிலை அளந்து, 2021-ல் விடை சொன்னார்கள். வெள்ளை நத்தை நண்பகலில் பெறும் வெயில், வேட்டை நத்தை பெறும் வெயிலைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. காட்டோரத்து வெயிலே அதற்கு அரண்.

நாம் செய்யத் தக்கவை

இவற்றால் நாம் அறிவது ஒன்றே: நத்தையையும் அதன் இடத்தையும் சேர்த்தே காக்க வேண்டும். அதற்குச் சில நெறிகள்:

1. பாதையில் காணும் நத்தையை, அது நோக்கிச் செல்லும் பக்கத்திலேயே, சில அடி தூரத்தில் நிழலான ஈர இடத்தில் விடுக. ஊருக்கோ வேறு வளாகத்துக்கோ கொண்டு செல்லற்க.

2. ஒட்டிக்கொண்டிருக்கும் நத்தையை ஓட்டைப் பிடித்து இழுக்காதீர். சிறிது நீர் தெளித்து, ஓர் இலையின்மீது தானாக ஏறச் செய்க.

3. கட்டட வேலைக்காகப் புதர் வெட்டப்படும் எனத் தெரிந்தால், முன்னதாகவே மழை இரவொன்றில் நத்தைகளைச் சேகரித்து, சருகுடன் சேர்த்து, மிக அருகில் உள்ள அதே போன்ற இடத்தில் பரவலாக விடுக. எண்ணிக்கையைக் குறித்துவைத்துச் சில மாதம் கழித்துப் பார்க்க. பிழைத்தவை எத்தனை என்று பாராதவன் காப்பாற்றினேன் என்று சொல்ல இயலாது.

4. நீண்டு கூம்பிய ஓட்டில் பழுப்புக் கோடுகளுடன் உள்ளங்கையளவு இருப்பது ஆப்பிரிக்கப் பெருநத்தையாக இருக்கலாம். அதனை இரக்கத்தால் வேறிடம் சேர்ப்பது அவ்விடத்துக்குச் செய்யும் தீங்கு. வெறுங்கையால் தொடவும் வேண்டா. மனிதரின் மூளையைத் தாக்கும் புழு அதில் இருக்கக்கூடும். தோட்டப் பொறுப்பாளரிடம் தெரிவிக்க.

5. எந்த நத்தையைத் தொட்டாலும் சோப்பிட்டுக் கை கழுவுக.

நத்தை வயிற்றிலும் முத்துப் பிறக்கும் என்பர் நம் முன்னோர். ஓர் அங்குல நத்தையைத் தன் காட்டுக்குத் திரும்பச் சேர்க்க முப்பது ஆண்டு உழைத்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மழையில் பாதையில் ஒரு நத்தையைக் கண்டால் குனிந்து எடுங்கள், நண்பர்களே. ஆனால் எங்கே விடப்போகிறோம் என்பதை எடுக்குமுன்னரே எண்ணுங்கள்.