கடை பூட்டிய நேரத்திலும் மின்னஞ்சலுக்குப் பதில்

விலை கேட்டு வந்தவருக்குப் பதில் தாமதித்தால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மின்னஞ்சலிலும் இதுதான் நிலைமை. நாம் ஜும்ஆவுக்குச் சென்றிருப்பதோ, பெருநாளுக்காகக் கடை பூட்டியிருப்பதோ வெளிநாட்டிலிருந்து எழுதுபவருக்குத் தெரியாது. சீனாவில் காலை 9 மணியாகும்போது இங்கு 6.30 மணிதான்.

உம்ராவுக்குச் செல்லும் வியாபாரி கடைக் கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டிவிட்டே செல்கிறார். மின்னஞ்சலுக்கும் அவ்வாறே ஓர் அறிவித்தல் வைக்கலாம். இதற்குச் செலவில்லை, வீட்டுக் கணினியில் பத்து நிமிட வேலை.

நம்மில் பலர் பாவிப்பது ஜிமெயில். அதைத் திறந்து, வலது பக்க மேல் மூலையிலுள்ள பற்சக்கர அடையாளத்தை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'ஜெனரல்' பக்கத்தின் கீழ்ப்பகுதியில் 'வெகேஷன் ரெஸ்பொண்டர்' இருக்கும். அதை 'ஒன்' செய்து, ஆரம்பத் திகதி, முடிவுத் திகதி, தலைப்பு, பதில் ஆகியவற்றை இட்டு, அடியிலுள்ள 'சேவ் சேஞ்சஸ்' பொத்தானை அழுத்துங்கள்.

இங்கே மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. முடிவுத் திகதியைக் கட்டாயம் இடுங்கள். இல்லாவிட்டால் பெருநாள் முடிந்து கடை திறந்த பின்னரும் 'விடுமுறை' என்றே பதில் போய்க்கொண்டிருக்கும்.

2. 'கொன்டாக்ட்ஸ்' பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் பதில் அனுப்பும் கட்டத்தில் அடையாளம் இடாதீர்கள். புதிய வாடிக்கையாளர் அப்பட்டியலில் இருக்கமாட்டார்.

3. ஒருவர் பலமுறை எழுதினாலும் நான்கு நாட்களுக்கு ஒரு தடவையே பதில் போகும். ஆகவே சொல்ல வேண்டியதை ஒரே பதிலில் சொல்லிவிடுங்கள்.

ஜிமெயில் பதில் கூகுளின் கணினிகளிலிருந்தே போவதால் நம் கணினியை நிறுத்திவிட்டுப் போகலாம். ஆனால் சாதாரண மின்னஞ்சல் கணக்கை வீட்டுக் கணினியின் 'அவுட்லுக்' மென்பொருளில் இணைத்து, அதில் 'ரூல்' அமைத்துப் பதில் அனுப்புவதாயின், கணினியும் அவுட்லுக்கும் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போனால் பதிலும் நின்றுவிடும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பதிலின் வாசகம். 'உங்கள் ஓடர் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒருபோதும் எழுதாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி, மின்னஞ்சல் மூலமும் ஒப்பந்தம் ஏற்படலாம். சரக்கு இருப்பில் உள்ளதா, விலை ஏறியுள்ளதா என்று இயந்திரம் பார்ப்பதில்லை. ஆனால் அது அனுப்பும் வார்த்தை நம் வார்த்தையாகவே கொள்ளப்படும். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது மார்க்கக் கடமை என்பதையும் நாம் மறக்கலாகாது.

நான் சிபாரிசு செய்யும் வாசகம் இது: 'உங்கள் மின்னஞ்சல் கிடைத்தது. நன்றி. கடை திங்கட்கிழமை திறக்கப்படும். விலையும் இருப்பும் அதன் பின்னரே உறுதிப்படுத்தப்படும். இது தானாக அனுப்பப்படும் பதில். ஓடரை ஏற்றுக்கொண்டதாகக் கருத வேண்டாம்.' அவசரத்துக்குக் கடைத் தொலைபேசி இலக்கத்தையும் சேர்க்கலாம். குடும்பத்துடன் பயணம், வீட்டில் ஆளில்லை போன்ற விபரங்கள் வேண்டாம். பதில் முன்பின் தெரியாதவர்களுக்கும் போகிறது.

அமைத்து முடிந்ததும் வேறொரு முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பரீட்சித்துப் பாருங்கள். திங்கட்கிழமை என்று சொன்னால் திங்கட்கிழமையே பதில் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், வாடிக்கையாளரின் நம்பிக்கை நிலைத்திருக்கும்.