கேஸை மாற்றும் முன் ஓட்டையைத் தேடுங்கள்

“அண்ணே, இருபத்திரண்டு கேஸ் இனிமே கிடைக்காதுண்ணே. நானூத்தி நாலு போட்டுடலாம். ரெண்டு மணி நேரத்துல முடிச்சுத் தர்றேன்.”

மீன், கறி, ஐஸ்கிரீம், பால் என்று எந்த வியாபாரத்துக்காகக் கோல்ட் ரூம் வைத்திருந்தாலும் இந்தப் பேச்சை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கேஸ் கிடைக்காது என்பது அரைகுறை உண்மை. 404 போடலாம் என்பது பெரும்பாலும் தவறான யோசனை. இரண்டு மணி நேரம் என்பது நடக்காத காரியம்.

ஆர்-22 ஓசோன் படலத்தை அரிக்கும் வாயு. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி இந்தியா போன்ற நாடுகள் இந்த வகை வாயுக்களின் பயன்பாட்டை 2025-இல் 67.5 விழுக்காடு குறைத்தாக வேண்டும், 2030-இல் 97.5 விழுக்காடு. மிச்சமிருக்கும் 2.5 விழுக்காடு, பழைய மெஷின்களைப் பராமரிப்பதற்காக 2040 வரை. இந்தியாவில் 2024 முடிவோடு புது மெஷின் தயாரிப்பில் இந்த வாயுக்களின் பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஆக, ஆர்-22 நாளைக்கே மறைந்துவிடாது. வருடத்துக்கு வருடம் அருகிப்போகும், விலை ஏறும்.

அதனால் என் முதல் ஆலோசனை பலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம். உங்கள் மெஷின் ஆர்-22இல் ஒழுங்காக ஓடுகிறது, கேஸ் குறையவில்லை என்றால் அதைத் தொடாதீர்கள். மூடிய குழாய்க்குள் ஓடும் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. ஓட்டை இல்லாவிட்டால் பதினைந்து வருடம் ஆனாலும் போட்ட எடை அப்படியே இருக்கும். “வருஷா வருஷம் கேஸ் ஏத்தணும், அது சகஜம்” என்று எவராவது சொன்னால், ஓட்டையைத் தேட அவருக்குப் பொறுமை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ் குறைந்துகொண்டே போகிறது என்றால்தான் மாற்றும் பேச்சு எழ வேண்டும். அப்போதும் முதல் வேலை ஓட்டையைப் பிடிப்பது. கடலோர ஊர் ஒன்றில் மீன் கிடங்கு ஒன்றைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஒரே வருடத்தில் நான்கு முறை ஆர்-22 ஏற்றி அலுத்துப்போய், புது கேஸுக்கு மாற்றியிருந்தார் முதலாளி. பத்தே நாளில் அதுவும் காலி. போய்ப் பார்த்தால், உள்ளே இருக்கும் காயிலின் வளைவில் ஊசி முனை அளவு ஓட்டை. அதைச் சுற்றி எண்ணெய்க் கறை திட்டாகப் படிந்திருந்தது. அந்தக் கறையைத் துணியால் துடைத்துப் பார்த்திருந்தால் முதல் முறையே தெரிந்திருக்கும். கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து கசியும். வெறும் கண்ணுக்குத் தெரியும் தடயம் அது ஒன்றுதான். உப்புக் காற்று, புளித்த தயிர், ஊறுகாய், வினிகர் நெடி இவையெல்லாம் செம்புக் குழாயை மெல்ல அரிப்பவை. உங்கள் சரக்கு அந்த வகை என்றால் காயிலிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.

ஓட்டை பார்க்க உள்ளே அடைக்க வேண்டியது நைட்ரஜன். ஆக்சிஜன் அல்லவே அல்ல. வெல்டிங் வைக்கக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் பக்கத்திலேயே நிற்கிறதே என்று அதைத் திறந்துவிடுகிற மெக்கானிக்குகளை இன்றும் பார்க்கிறேன். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் கம்ப்ரஸர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும். உங்கள் இடத்தில் அப்படி யாராவது செய்யப் பார்த்தால் வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். மரியாதை பார்க்க வேண்டாம். நைட்ரஜனையும், மெஷினின் பெயர்ப்பலகையில் உள்ள அழுத்தத்தைத் தாண்டாமல் ஏற்றி, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். காலையில் 250 பி.எஸ்.ஐ காட்டிய கேஜ், பத்து டிகிரி வெயில் ஏறிய மத்தியானத்தில் எட்டொன்பது பி.எஸ்.ஐ கூடக் காட்டும். இரவில் அதே அளவு இறங்கும். அந்த இறக்கத்தைக் கசிவு என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். மறுநாள் அதே நேரத்தில், அதே சூட்டில் பாருங்கள்.

இனி எந்த கேஸ் என்ற கேள்வி. மெக்கானிக்குகளுக்கு 404 மேல் இருக்கும் பிரியம் புரிகிறது; எங்கும் கிடைக்கிறது, கை பழகியிருக்கிறது. ஆனால் ஆர்-22க்கான மெஷினில் அதைப் போட்டால் அழுத்தம் எகிறும். சித்திரை வெயிலில் கண்டென்சர் 50 டிகிரியில் ஓடும்போது ஆர்-22 சுமார் 267 பி.எஸ்.ஐ காட்டும். அதே சூட்டில் ஆர்-404ஏ 320ஐத் தொடும். உப்பு தின்று பாதி தகடு உதிர்ந்துபோன பழைய கண்டென்சருக்கு அந்தச் சுமை தேவையா? எக்ஸ்பான்ஷன் வால்வையும் மாற்றியாக வேண்டும். போதாததற்குப் புவி சூடாகும் கணக்கும் இருக்கிறது. அதில் ஆர்-22இன் எண் 1810, ஆர்-404ஏயின் எண் 3922. இந்தியா ஏற்றுக்கொண்ட கிகாலி திருத்தத்தின்படி ஆர்-404ஏ குடும்பத்து வாயுக்களின் அளவு 2028-இல் உறைந்து, 2032-இலிருந்து இறங்கத் தொடங்கும். கணக்கு எடையை வைத்து அல்ல, இந்த எண்ணை வைத்துத்தான். எண் பெரிதாக உள்ள வாயுவுக்கே முதலில் நெருக்கடி வரும். ஒரு பிரச்சினையிலிருந்து தப்பிக்க இன்னொன்றுக்குள் போய் விழுவானேன்?

ஆர்-22க்குப் பதிலாக நான் பார்ப்பவை ஆர்-407எஃப் (எண் 1825), ஆர்-448ஏ (1387), ஆர்-449ஏ (1397). மூன்றும் தீப்பிடிக்காதவை. ஆனால் இவற்றுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும். பழைய ஆர்-22 கம்ப்ரஸர்களில் பெரும்பாலும் மினரல் ஆயில் இருக்கும். புது வாயுக்களோடு அது கரையாது. கரையாத எண்ணெய் காயிலில் போய்த் தங்கிவிடும், கம்ப்ரஸருக்குத் திரும்பாது. கூலிங் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்துக் கம்ப்ரஸர் வறண்டு இறுகி நின்றுவிடும். அப்போது பழி புது கேஸ் மேல் விழும்.

இதற்குப் போட வேண்டியது பிஓஇ ஆயில். இங்கே அனுபவசாலிகள் கையாளும் ஒரு வழி உண்டு. பிஓஇ ஆயில் ஆர்-22உடனும் ஒத்துப்போகும். ஆகவே பழைய கேஸ் உள்ளே இருக்கும்போதே எண்ணெயை மாற்றத் தொடங்கலாம். வடித்து, புதிது ஊற்றி, ஒரு நாள் ஓடவிட்டு, மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். பொதுவாக மூன்று முறையில் மினரல் ஆயிலின் மிச்சம் 5 விழுக்காட்டுக்குக் கீழே வந்துவிடும். இத்தனையும் கடை நடக்கும்போதே செய்யலாம், சரக்கை வெளியே எடுக்க வேண்டியதில்லை. கேஸ் மாற்றும் நாளில் பாதி வேலை ஏற்கனவே முடிந்திருக்கும்.

சீல் வைத்த சின்ன கம்ப்ரஸராக இருந்தால் எண்ணெய் வடிக்கத் திருகாணியே இருக்காது. கழற்றித்தான் கவிழ்க்க வேண்டும். அந்த இடத்தில் ஆர்-438ஏ போன்ற கலவைகளைப் பார்க்கலாம். அதில் சிறிதளவு கலந்திருக்கும் பியூட்டேன், பென்டேன் வாயுக்கள் மினரல் ஆயிலையே திரட்டித் திருப்பிக் கொண்டுவரும். அதன் எண் 2265, ஆர்-22ஐ விட அதிகம். குழாய் நீளமாகப் போகும் பெரிய ரூமுக்கு இந்தக் குறுக்குவழியை நான் சொல்ல மாட்டேன்.

ஏற்கனவே 404இல் ஓடும் மெஷின் என்றால் எண்ணெய்த் தொல்லை இல்லை, உள்ளே பிஓஇதான் இருக்கும். அதை 448க்கோ 449க்கோ மாற்றுவது ஓரளவு சுலபம். கம்ப்ரஸர் முன்பை விடச் சூடாக ஓடும். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசராக இருந்தால் கம்ப்ரஸர் கம்பெனியைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

மாற்றிய நான்காம் நாள் புதிதாக ஒரு கசிவு கிளம்பும். “நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சே” என்பீர்கள். காரணம் எளியது. வருடக்கணக்கில் ஆர்-22இலும் மினரல் ஆயிலிலும் ஊறிய ரப்பர் வளையங்கள் உப்பியிருக்கும். அந்த உப்பலே இத்தனை நாள் இண்டு இடுக்கை அடைத்துக்கொண்டிருந்தது. புது கேஸில் அது சுருங்கும். கேஜ் மாட்டும் இடத்துப் பின் வால்வு, சைட் கிளாஸ், சோலினாய்டு வால்வு, ரிசீவர் வால்வுத் தண்டு ஆகியவற்றின் வளையங்களையும் வாஷர்களையும் கேஸ் இறக்கிய அன்றே மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய் சாமான். இதை மறந்து பல ஆயிரம் ரூபாய் கேஸைக் காற்றில் விட்டவர்கள் நிறைய.

பழைய கேஸைத் திறந்துவிடக் கூடாது. ரிக்கவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும், சிலிண்டரின் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிரப்பாமல். சுற்றுச்சூழலை விடுங்கள், அது உங்கள் பணம். எரிந்துபோன கம்ப்ரஸரிலிருந்து வந்த அழுக்குக் கேஸாக இல்லாவிட்டால், சுத்தம் செய்து உங்களுடைய இன்னொரு ஆர்-22 மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம். ரிக்கவரி மெஷின் இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். ஆளைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான சோதனை.

ட்ரையரைப் புதிதாக மாட்டியபின் வாக்யூம். இங்கேதான் அந்த “ரெண்டு மணி நேரம்” அடிபட்டுப்போகிறது. பிஓஇ ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் கடலோரக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. 30 டிகிரியில் குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகவே அழுத்தம் சுமார் 32,000 மைக்ரானுக்குக் கீழே இறங்க வேண்டும். கடைசி ஈரமும் போக 500 மைக்ரான் வரை இழுக்க வேண்டும். சாதாரண கேஜில் இரண்டுக்கும் முள் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் நிற்கும். மைக்ரான் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பம்பை மூடியபின் முள் மெல்ல ஏறி ஓர் இடத்தில் நின்றால் உள்ளே ஈரம், நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை.

கேஸ் ஏற்றும்போது எடை மெஷின் கட்டாயம். இவை பல வாயுக்களின் கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகவே எடுக்க வேண்டும்; ஆவியாக எடுத்தால் கலவையின் விகிதம் மாறிவிடும். திரவத்தை அப்படியே கம்ப்ரஸருக்குள் பாய்ச்சாமல் வால்வை லேசாகத் திறந்து சிறுகச் சிறுக விட வேண்டும். பழைய எடையில் 85 விழுக்காட்டில் தொடங்கி, பார்த்துக் கூட்டலாம்.

கலவையில் இன்னொரு வில்லங்கம். ஆர்-22க்கு ஓர் அழுத்தம் என்றால் ஒரே சூடு. இவற்றுக்கு ஒரே அழுத்தத்தில் இரண்டு எண்கள். கொதிக்கத் தொடங்கும் சூடு ஒன்று, முழுக்க ஆவியாகி முடியும் சூடு இன்னொன்று. இடைவெளி சுமார் ஆறு டிகிரி. காயிலிலிருந்து வெளியே வரும் குழாய் 0 டிகிரி என்று வையுங்கள். ஆவியாகி முடியும் சூடு மைனஸ் 6 என்றால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது சூப்பர்ஹீட், 6; சரியான அளவு. மெக்கானிக் அட்டவணையில் தவறான பத்தியைப் பார்த்து மைனஸ் 12 என்று எடுத்துக்கொண்டால் கணக்கு 12 என்று வரும். “அதிகமா இருக்கே” என்று வால்வைத் திறப்பார். உண்மையான சூப்பர்ஹீட் பூஜ்ஜியமாகும், திரவம் கம்ப்ரஸருக்குள் போகும், வால்வுத் தகடு உடையும். சூப்பர்ஹீட்டுக்கு எப்போதும் ஆவியாகி முடியும் பத்தி. உங்கள் மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். தெரிந்தவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. “இயற்கை கேஸ், கரண்டு மிச்சம், அப்படியே போட்டுக்கலாம்” என்று புரோப்பேனை, அதாவது ஆர்-290ஐ, யாராவது பழைய மெஷினில் ஏற்ற வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். நல்ல வாயுதான், அதற்கென்றே செய்த சின்ன ஃப்ரீசர்களில் சில பத்து கிராம், நூற்றைம்பது கிராம் என்ற அளவில் பத்திரமாக ஓடுகிறது. கோல்ட் ரூமுக்குக் கிலோ கணக்கில் வேண்டும். காற்றில் 2.1 விழுக்காடு சேர்ந்தாலே அது தீப்பிடிக்கும். பத்துக்குப் பத்து அடி அறை, ஒன்பதடி உயரம் என்றால் அதை அந்த நிலைக்குக் கொண்டுபோக ஒரு கிலோ கசிவு போதும். கதவைத் திறந்து சுவிட்சைத் தட்டும் பையன்தான் பலியாவான்.

போலிக் கேஸும் உண்டு. 2011-இல் ஆர்-134ஏ என்ற பெயரில் மெத்தில் குளோரைடு கலந்து விற்ற கேஸால் கப்பல் குளிர்க் கன்டெய்னர்களின் கம்ப்ரஸர்கள் வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். சந்தை விலையில் பாதிக்குக் கிடைக்கிறது என்றால் வாங்காதீர்கள். பில் இல்லாமலும் வாங்காதீர்கள்.

எப்போது செய்வது? மீன் கிடங்கு வைத்திருக்கும் கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் தோதானது. ரூம் காலி, நிதானமாகச் செய்யலாம். வெயிலும் உச்சத்தில் இருப்பதால் கண்டென்சரின் தெம்பு தெரிந்துவிடும். காலி ரூம் கூலிங் ஆவது பெரிய விஷயமில்லை. படகுகள் திரும்பிச் சரக்கு ஏறிய முதல் வாரத்தில் மெக்கானிக்கை இன்னொரு முறை வரச் சொல்லி அழுத்தம், ஆம்பியர், சூப்பர்ஹீட் மூன்றையும் பார்க்க வையுங்கள். மாற்றுவதற்கு முன்பும் அதே அளவுகளை எழுதி வைத்திருந்தால்தான் ஒப்பிட முடியும். கூலிக்குப் பேரம் பேசும்போதே இந்த இரண்டாம் வருகையையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மெஷின் மேல் இருக்கும் பழைய ஆர்-22 ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்துவிட்டு, புது கேஸின் பெயர், எத்தனை கிலோ, எந்த எண்ணெய், எந்தத் தேதி என்று அழியாத பெயின்டில் எழுதுங்கள். என்றோ ஒரு நாள் நடு ராத்திரியில் கூலிங் நின்றுபோய், நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில், வேறொரு மெக்கானிக் டார்ச் அடித்துப் பார்க்கப்போவது அதைத்தான்.