செருப்பணியவும் ஓர் அரசாணை

கேள்வி: இன்னார் இன்ன உடைதான் உடுக்கலாம், இன்னார் செருப்பணிந்து தெருவில் நடக்கலாகாது என்றெல்லாம் முற்காலத்தில் கட்டு இருந்ததாகவும், அதினின்று விடுபட அரசனுடைய உத்தரவே வேண்டியிருந்ததாகவும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் உண்டா? இவ்வழக்கம் எப்படி உண்டாயிற்று?
— ஒரு வாசகர், சேந்தமங்கலம், நாமக்கல் மாவட்டம்

பதில்: ஆதாரம் உண்டு, அதுவும் தங்கள் ஊருக்கு வெகு தொலைவில் அன்று. கரூர்ப் பசுபதீசுவரர் ஆலயத்தில், கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டப்பெயரோடு ஒரு மன்னன் கம்மாளருக்கு விடுத்த ஓலை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. தங்கள் சேந்தமங்கலத்தில் ராமச்சந்திர நாயக்கர் பாளையம் ஆண்ட காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது அது. தன் ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு ஆடி மாதம் முதலாக, அவர்கள் நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிப் பேரிகை கொட்டுவித்துக்கொள்ளலாம், வெளியே புறப்படும்போது பாதரட்சை அணியலாம், தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்றும், இவ்வாணையை வேண்டிய இடங்களில் கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளலாம் என்றும் அம்மன்னன் அநுமதிக்கிறான். ஆலயங்களுக்குக் கல் செதுக்கியும், அரண்மனைகளுக்குப் பொன்னும் இரும்பும் மரமும் இழைத்தும் கொடுத்த கைகள், தம் சொந்தச் சுவரில் சாந்து பூசுவதற்கு ராஜமுத்திரைக்குக் காத்திருந்தன என்பதை இந்த ஓலையிலிருந்து நாம் ஊகிக்கலாம்.

இத்தகைய கட்டு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1363-ஆம் ஆண்டு, மூன்றாம் எட்வர்ட் மன்னர் காலத்தில், இன்ன அந்தஸ்தினர் இன்ன விலைத் துணிக்கு மேல் உடுத்தலாகாது என்று பார்லிமெண்டே சட்டம் இயற்றிற்று. ஏர் ஓட்டுபவனும் வண்டி ஓட்டுபவனும் முரட்டுக் கம்பளித் துணியோடு நிற்க வேண்டியதாயிற்று. அங்கே தடையை எழுதி வைத்தார்கள். இங்கேயோ தடையை ஊர்க்கட்டே காத்து நின்றமையால் அதை எழுதவேண்டிய அவசியம் நேரவில்லை. விலக்குத்தான் கல்லேற வேண்டியிருந்தது. எது கொடிது என்று கேட்டால், எழுதாத சட்டமே என்பேன். எழுதியதை ஒருநாள் அடித்துவிடலாம்.

இனி, இவ்வழக்கத்தின் உற்பத்தி. இந்நாட்டு அரசன் விலையுயர்ந்த அங்கியால் அரசனாகத் தோன்றியவன் அல்லன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்கே தையற்காரனுக்கு வேலையே இல்லை என்றும், மன்னனும் ஓர் ஆடையை மட்டும் உடுத்து, நூற்றுநான்கு பெருமணிகள் கோத்த மாலையோடு விளங்கினான் என்றும் எழுதிவைத்தார். அரசனும் குடிமகனும் ஒருங்கே தைக்காத துணியை உடுத்த தேசத்தில், உயர்வு தாழ்வைக் காட்ட வெட்டும் தையலும் உதவா. ஆகவே துணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, மேனியில் பொன் உண்டா, தலைக்கு மேல் குடை உண்டா, காலுக்கும் மண்ணுக்கும் நடுவே தோல் உண்டா என்பவையே அளவுகோல்களாயின. தெய்வ சந்நிதியிலும் ராஜசபையிலும் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு பாதரட்சையைக் களைந்து நிற்பது எல்லாருக்கும் பொதுவான மரியாதை. அந்த மரியாதையைச் சிலருக்கு மட்டும், எல்லாத் தெருவிலும், ஆயுள் முழுவதும் செய்யவேண்டிய கடமையாக்கியதிலிருந்தே இக்கட்டுகள் கிளைத்திருக்க வேண்டுமென்பது என் கருத்து.

மத்திய காலத்தோடு இது ஒழிந்துவிடவில்லை. திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நெடுங்காலம் போராடி, 1859-இல்தான் அரச விளம்பரம் ஒன்றைப் பெற்றார்கள். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. 1930 டிசம்பரில், ராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. அவற்றுள் சில: ஆண்கள் முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ துணி உடுக்கலாகாது, சட்டையும் பனியனும் கூடா, குடையும் செருப்பும் கூடா, பெண்கள் ரவிக்கையும் தாவணியும் அணியலாகாது, பூச்சூடலாகாது. கரூர்க் கல்வெட்டில் நீக்கப்பட்ட அதே செருப்புத் தடை, ரயில் ஓடிய காலத்தில் வேறொரு கூட்டத்தார் காலில் மீண்டும் விழுந்தது.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இத்தகைய தடைகளை நேரே பெயர் சொல்லித் தடுத்தது. அதன் நான்காம் பிரிவின்படி, தீண்டாமையின் பெயரால் ஒருவர் நகையோ நல்லாடையோ அணிவதைத் தடுப்பது, ஆறு மாதம் வரை சிறையோ ஐந்நூறு ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம் ஆயிற்று.